ஊமை கண்ட கனவு

‘ஊமை கண்ட கனவு போல’ என்றொரு பழமொழி நம்மிடையே வழங்கி வருகிறது. உள்ளத்தில் உள்ளதை வெளியே சொல்லமாட்டாது தவிக்கும் நிலையைக் குறிக்க நாம் அதனைக் கையாளுகிறோம். காதலைப் பற்றிப் பேசும்போதும் பக்தியைப் பற்றிப் பேசும்போதும் அது நமக்கு உதவியிருக்கிறது. ஆனால் அப்பழமொழியின் உள்ளே ஒரு மனிதன் இருக்கிறான் என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. அவன் கனவு காண்கிறான். ஆகவே அவனுக்கு உள்ளம் உண்டு, ஆசை உண்டு, அச்சமும் உண்டு. இவ்வளவையும் பழமொழி ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொண்ட பின்னர், அக்கனவை அவனால் சொல்ல முடியாது என்று தீர்ப்பும் வழங்கிவிடுகிறது.

இத்தீர்ப்புச் சரியானதுதானா? அவன் சொல்லவில்லையா, அல்லது சொன்னது நமக்கு விளங்கவில்லையா? கைகளாலும் கண்களாலும் முகத்தாலும் அவன் தன் கனவை ஒன்றும் விடாமல் சொல்லியிருக்கக்கூடும். எதிரே இருந்தவனுக்கு அந்த மொழி தெரியாது போயிருக்கக்கூடும். அவ்வாறாயின் குறை கனவு கண்டவனிடத்தில் உள்ளதா, கேட்க இருந்தவனிடத்தில் உள்ளதா?

வெறும் சொல்லாராய்ச்சிக்காக நாம் இவ்வினாவை எழுப்பவில்லை. இதற்கு அளிக்கப்பட்ட தவறான விடை காரணமாக மனிதர்கள் தம் வாழ்நாள் முழுவதையும் பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் கழித்திருக்கிறார்கள். உடல் நோய்க்கு மருந்து செய்யும் வைத்தியர் நோயாளியின் மொழி அறியாதவராயினும் ஓரளவு தம் கடமையைச் செய்துவிடலாம். முறிந்த எலும்பைக் கதிர்ப்படம் காட்டும். காய்ச்சலை வெப்பமானி காட்டும். உளநோயோ அத்தகையதன்று. அச்சம், துயர், மருட்சி, சாக வேண்டும் என்ற எண்ணம் ஆகியவற்றை நோயாளி சொல்லியே வைத்தியர் அறிய வேண்டும். சொல்லே அங்குப் பரிசோதனைக் கருவி. பல வேளைகளில் சொல்லே மருந்தும் ஆகும். அத்தகைய இடத்தில் இருவருக்கும் பொதுவான மொழி இல்லையென்றால் நடப்பது யாது? செவிப்புலனற்றோரின் உளநலம் பற்றிய பிரச்சினையின் உயிர்நாடி இதுவே.

*

ஐக்கிய அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் 1908ஆம் ஆண்டிற் பிறந்த கறுப்பின மனிதர் ஜூனியஸ் வில்சன். அவருக்குக் காது கேளாது. கறுப்பினத்தைச் சேர்ந்த பார்வையற்ற, செவிப்புலனற்ற பிள்ளைகளுக்கென ராலே நகரில் இருந்த பாடசாலையில் அவர் சில ஆண்டுகள் இருந்தார். வெள்ளையரின் பிள்ளைகளிடமிருந்து பிரித்து வைக்கப்பட்டிருந்த அப்பிள்ளைகளிடையே, ஏனையோருக்கு எளிதில் விளங்காத தனியான சைகை வழக்கொன்று வளர்ந்திருந்தது. அதுவே வில்சனின் மொழி. எழுதவோ வாசிக்கவோ அவர் கற்கவில்லை.

1925ஆம் ஆண்டில், பெண்ணொருத்தியைப் பலாத்காரம் செய்ய முயன்றதாக அவர் மீது குற்றம் சுமத்தப்பட்டது. அக்குற்றம் நீதிமன்றத்தில் முறைப்படி விசாரிக்கப்படவேயில்லை. அவரோடு உரையாட முடியாதிருந்த அதிகாரிகள் அவரைச் சித்தசுவாதீனம் அற்றவர் என்று தீர்மானித்து, கோல்ட்ஸ்பரோவில் கறுப்பினத்தவர்க்கென இருந்த மாநில மனநோய் வைத்தியசாலைக்கு அனுப்பினர். அங்கு அவருக்கு ஆண்மை நீக்கும் அறுவை செய்யப்பட்டது. வைத்தியசாலையின் பண்ணையில் அவர் ஆண்டுக்கணக்காக உழைத்தார். பல பத்தாண்டுகளின் பின்னர் அவர் மீதிருந்த குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. அவருக்கு மனநோய் எதுவும் இல்லை என்பதும் ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆயினும் அவர் வெளியே விடப்படவில்லை. போவதற்கு வேறிடம் இல்லை என்பது காரணமாகக் காட்டப்பட்டது. 1990களில் அவர் சார்பில் வழக்குத் தொடரப்பட்ட பின்னரே, வைத்தியசாலை வளவினுள் ஒரு சிறு வீட்டில் அவர் குடியமர்த்தப்பட்டார். 2001ஆம் ஆண்டு அங்கேயே காலமானார். 76 ஆண்டுகள்! சூசன் பேர்ச், ஹன்னா ஜொய்னர் என்னும் ஆய்வாளர் இருவர் 2007இல் எழுதி வெளியிட்ட வரலாற்று நூல் இவ்வாழ்க்கையை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது.

வில்சனை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது அவரது காது மட்டுமன்று என்பதையும் நாம் மறத்தலாகாது. அவர் வெள்ளையராகப் பிறந்திருந்தால், வசதி படைத்த குடும்பத்திற் பிறந்திருந்தால், அவருக்காகப் பேச யாரேனும் ஒருவர் வந்திருப்பார். நிறவெறியும் வறுமையும் அவரைக் கதவுவரை இழுத்துச் சென்றன. மொழியின்மை கதவைப் பூட்டிற்று. இங்கே மொழியின்மை என்று நாம் குறிப்பது வில்சனுக்கு மொழி இல்லாமையை அன்று. அவருக்கு மொழி இருந்தது. அதை அறிந்தவர் எவரும் அவ்வைத்தியசாலையில் இல்லை. தமது அறியாமையையே அவர்கள் அவரது நோயாக எழுதிவைத்தார்கள்.

இது தனியொரு மனிதரின் அவப்பேறு என்று ஒதுக்கிவிடவும் இயலாது. 1968இல் இந்தியானா மாநிலத்தில் தியோன் ஜாக்சன் என்ற இளைஞர் இரண்டு வழிப்பறிக் குற்றங்களின் பேரிற் கைது செய்யப்பட்டார். இரண்டிலும் பறிபோனதாகச் சொல்லப்பட்டவற்றின் மொத்தப் பெறுமதி 9 டொலர். செவியும் பேச்சும் அற்ற அவருக்கு எழுத்தும் தெரியாது. சைகையும் மிகச் சிறிதளவே தெரியும். விசாரணையை எதிர்கொள்ளும் தகுதி அவருக்கு இல்லையென்று தீர்மானிக்கப்பட்டது. தகுதி வரும்வரை மனநோய் நிலையத்தில் வைக்குமாறு நீதிமன்றம் பணித்தது. அத்தகுதி ஒருபோதும் வராது என்பதே வைத்தியர்களின் சாட்சியம். ஆகவே 9 டொலருக்கு ஆயுட்காலச் சிறை என்பதே அக்கட்டளையின் உண்மைப் பொருள். தகுதியின்மையை மட்டும் காரணமாகக் காட்டி ஒருவரை எல்லையின்றி அடைத்து வைத்தல் அரசியலமைப்புக்கு முரணானது என்று அந்நாட்டின் உயர் நீதிமன்றம் 1972இல் இவ்வழக்கிலே தீர்ப்பளித்தது. அந்த அளவிலே அது பெரும் வெற்றி. ஆனால் அந்த இளைஞர் ஏன் மொழியின்றி வளர்ந்தார் என்ற கேள்வி எந்த நீதிமன்றத்தின் முன்னும் வைக்கப்படவில்லை.

*

பேச்சே மொழி, பேச்சில்லாதவனுக்கு அறிவில்லை. இந்த எண்ணம் மிகப் பழையது, அறிஞர்களிடையேயும் வேரூன்றியிருந்தது. ஆனால் அதற்கு எதிரான குரலும் பழையதே. பிரெஞ்சுத் தத்துவவாதி டேக்கார்ட் 1637இல் வெளியிட்ட நூலில், பிறவியிலேயே செவியும் பேச்சும் இல்லாதவர்கள் தாமே சைகைகளை ஆக்கித் தம் கருத்தை உணர்த்துவதை எடுத்துக்காட்டி, மனித அறிவு குரலைச் சார்ந்ததன்று என்று வாதித்தார். பதினெட்டாம் நூற்றாண்டிலே பாரிஸ் நகரில் தெ லெப்பே பாதிரியார் சைகையைக் கொண்டு செவிப்புலனற்ற பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டிக் காட்டினார்.

இவ்வாறு திறந்த கதவை 1880ஆம் ஆண்டு மீண்டும் அடைத்தது. அவ்வாண்டு இத்தாலியின் மிலான் நகரிற் கூடிய கல்வி மாநாட்டில் ஏறத்தாழ 160 பேர் பங்குபற்றினர். அவர்களுட் செவிப்புலனற்றவர் ஒருவர் மட்டுமே. பிள்ளைகளுக்கு உதட்டசைவைப் பார்த்துப் பேசப் பழக்குவதே மேலானது, சைகை விலக்கப்பட வேண்டியது என்று அம்மாநாடு முடிவு செய்தது. நாடு நாடாக அம்முடிவு பரவிற்று. வகுப்பறையிற் கையசைத்த குற்றத்துக்காகப் பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர். அந்த மாநாட்டின் வழிவந்த அமைப்பு, 130 ஆண்டுகள் கழிந்து 2010இல் வன்கூவர் நகரிற் கூடியபோதே அதற்கு வருத்தம் தெரிவித்தது. யாருடைய வாழ்வு பற்றிய தீர்மானமோ அவர்களைக் கேளாமலே தீர்மானிப்பது ஆதிக்கத்தின் இயல்பு. குடியேற்ற நாட்டு மக்களாகிய நமக்கு இதனை எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சைகை என்பது வெறும் அபிநயமன்று, இலக்கணமுடைய முழு மொழி என்ற உண்மையை மொழியியல் ஏற்கத் தொடங்கியது 1960இலேதான். வாஷிங்டனிலுள்ள கலோடெட் கல்லூரியிற் பணிபுரிந்த வில்லியம் ஸ்டோக்கி என்பார் அவ்வாண்டு வெளியிட்ட ஆய்வில், கையின் வடிவம், அது நிற்கும் இடம், அது அசையும் முறை ஆகியவை சேர்ந்து பொருள் தருவதை, நம் பேச்சில் ஒலிகள் சேர்ந்து சொல்லாவதோடு ஒப்பிட்டு நிறுவினார்.

இங்கே நாம் ஒரு வேறுபாட்டை மனங்கொள்ள வேண்டும். முதுமையிலோ நோயினாலோ செவிப்புலனை இழந்தவர்க்குத் தாய்மொழி ஏற்கெனவே உள்ளத்தில் வேர்கொண்டிருக்கும். பிறவியிலேயே கேளாத பிள்ளையின் நிலை வேறு. அத்தகைய பிள்ளைகளுட் பத்துக்கு ஒன்பதுக்கு மேற்பட்டோர் கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றனர். தாய் பாடும் தாலாட்டு அப்பிள்ளையை எட்டுவதில்லை. அப்பிள்ளைக்கு எட்டக்கூடிய மொழியோ தாய்க்குத் தெரியாது. மூளை மொழியைப் பற்றிக்கொள்ளும் இளம்பருவம் இப்படியே வீணாகிவிடுமானால், பின்னர் எவ்வளவு முயன்றாலும் அவ்விழப்பை முற்றாக ஈடுசெய்தல் அரிது. கோபத்தைக் கோபம் என்று பெயரிட அறியாதவன் அதனை உடலாற் காட்டுகிறான். நேற்று நடந்ததையும் நாளை நடக்கவிருப்பதையும் சொல்லிக்கொள்ள வழியில்லாதவன் திகைக்கிறான், அஞ்சுகிறான். உணவு மேசையில் எல்லோரும் சிரிக்கும்போது ஏன் சிரிக்கிறார்கள் என்று கேட்டால், ‘பிறகு சொல்கிறேன்’ என்ற ஒற்றைப் பதிலைக் கேட்டே வளர்ந்தவனின் தனிமையை எந்தக் கருவி அளக்கும்? காது கேளாமை தன்னளவில் உளநோய் அன்று. ஆயினும் செவிப்புலனற்றோரிடையே உளத்துயர் ஏனையோரைவிட மிகுதியாகக் காணப்படுவதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. மொழி மறுக்கப்பட்ட குழந்தைப் பருவம் அதற்கொரு முதன்மையான காரணம். சமுதாயம் முதலில் நோயை விளைவிக்கிறது. பின்பு அதனை இயற்கையின் குறையென்று பெயரிடுகிறது.

*

உளமருத்துவ அறைக்குள் நடப்பதைச் சற்று உற்று நோக்குவோம்.

‘உமக்குக் குரல்கள் கேட்கின்றனவா?’ என்பது மனச்சிதைவு நோயைக் கண்டறிய வைத்தியர் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. பிறவியிலிருந்தே எந்தக் குரலையும் கேளாதவரிடம் இக்கேள்வி என்ன பொருள் தரும்? ‘ஆம்’ என்றால் அது நோயா, கேள்வி விளங்காமையா? இத்தகைய நோயாளருட் சிலர், தம்மை நோக்கி அசையும் கைகளையோ உதடுகளையோ தாம் உணர்வதாகக் கூறியிருப்பதை ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர். கேள்வியே அவர்களது உலகிலிருந்து எழாதபோது விடை எவ்வாறு உண்மையாகும்?

‘எழுதிக் காட்டலாமே’ என்பார் உண்டு. கேட்டறியாத ஒருவருக்கு எழுத்துத் தமிழோ ஆங்கிலமோ தாய்மொழி அன்று. கண்ணால் மட்டும் வருந்திக் கற்ற அந்நிய மொழி. அவர் சைகை மொழியின் சொல்லொழுங்கில் எழுதித் தரும் துண்டுக் காகிதத்தை வாசிக்கும் வைத்தியர், வாக்கியங்கள் சிதறிக் கிடப்பதைக் கண்டு சிந்தனையே சிதறிவிட்டதென்று முடிவு செய்யலாம். நாம் அரைகுறையாக அறிந்த பிறமொழியொன்றில் நம் துயரை எழுதித் தந்தால், நம்மைப் பற்றி என்ன முடிவுக்கு வருவார்கள்?

சைகை மொழியில் முகமும் இலக்கணத்தின் ஓர் உறுப்பு. புருவத்தை உயர்த்துவது வினாவாகலாம். கன்னத்தை உப்புவது அளவைக் குறிக்கலாம். இதனை அறியாதார்க்கு அது உணர்ச்சிக் கொந்தளிப்பாகத் தோன்றும். கை வேகமாக அசைந்தால் வன்முறை என்பார்கள். வன்முறை என்று கண்டால் கைகளைக் கட்டுவார்கள். பேசுகிற ஒருவனின் வாயை அடைப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? குறுந்தொகையில் வெள்ளிவீதியார் பாடியதாக ஒரு பாட்டு உண்டு. வெயிலேறிய பாறையில் வைக்கப்பட்ட வெண்ணெய் உருகுவதைக் கையும் இல்லாத, பேச்சும் இல்லாத ஒருவன் கண்ணால் மட்டும் காத்திருக்கும் காட்சியை அங்கே காண்கிறோம். தடுக்கவும் வழியில்லை, பிறரைக் கூப்பிடவும் வழியில்லை. அப்புலவர் காதல் நோயைச் சொல்லக் கற்பனையிற் படைத்த அந்நிலையை, கட்டிலோடு கைகளைப் பிணித்துவைக்கும் நாம் உண்மையாகவே படைத்துவிடுகிறோம்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. செவிப்புலனற்றவர் உண்மையாகவே கடும் மனச்சோர்வில் ஆழ்ந்திருப்பார், உணவை வெறுப்பார், உறக்கமின்றி இருப்பார். ‘காது கேளாதவர்கள் அப்படித்தான், ஒதுங்கியே இருப்பார்கள்’ என்று வீட்டாரும் வைத்தியரும் ஒருங்கே கைவிரிப்பர். நோயில்லாதவர்க்கு நோயைச் சுமத்துவதும் நோயுள்ளவர்க்கு அதனை மறுப்பதும் ஒரே மரத்தின் இரு கிளைகள். இரண்டிடத்தும் அம்மனிதரிடமிருந்து எவரும் எதனையும் கேட்டறியவில்லை.

இனி, உடன் வந்த உறவினர் மொழிபெயர்க்கும் காட்சி. நம் நாட்டில் மிகப் பழக்கமான ஏற்பாடு இதுவே. தந்தை தற்கொலை செய்ய எண்ணுவதைப் பத்து வயது மகள் வைத்தியருக்கு எடுத்துச் சொல்ல வேண்டுமா? கணவனின் அடி உதையால் நொந்துபோன பெண்ணின் துயரை அந்தக் கணவனே மொழிபெயர்த்துத் தருவானா? அன்புள்ள உறவினரும் ‘இதையெல்லாம் சொல்ல வேண்டாம்’ என்று சிலவற்றை விழுங்கிவிடுவர். ஒருவர் தம் உள்ளத்தைப் பிறரறியாது வைத்தியரிடம் திறந்துகாட்டும் உரிமை, கேட்கும் நம் எல்லோருக்கும் உண்டு. செவிப்புலனற்றவர்க்கு மட்டும் அவரது குடும்பமே காவலாக வந்து அமர்ந்துகொள்கிறது.

*

நம் கருத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றையும் நேர்மையாக ஆராய்தல் வேண்டும்.

தொகையிற் சிறியவர்களாகிய இவர்களுக்கெனத் தனி ஏற்பாடு செய்ய வறிய நாட்டுக்கு வசதி ஏது என்பது முதல் வாதம். வைத்தியமே எட்டாத ஏழை மக்கள் ஆயிரமாயிரம் பேர் இருக்கையில் இது ஆடம்பரம் அல்லவா என்று கேட்பார்கள். இவ்வாதத்தில் உண்மையின் சாயல் உண்டு; அதனாலேயே அது ஆபத்தானது. ஜூனியஸ் வில்சனை 76 ஆண்டுகள் வைத்து உணவளிக்கச் செலவான பணத்தோடு, அவருடைய சைகையை அறிந்த ஒருவரைத் தேடிக் கொணர ஆகியிருக்கும் செலவை ஒப்பிட்டுப் பார்ப்போம். புரிந்துகொள்ளாமைக்கு அரசுகள் எக்காலமும் தாராளமாகவே செலவிட்டுள்ளன. மேலும், எண்ணிக்கையிற் சிறியவர் என்பதனால் உரிமை சிறிதாகும் என்றால், சிறுபான்மையினராகிய நாம் எந்த உரிமையையும் கோர முடியாது.

தனி ஏற்பாடு என்பது ஒதுக்கிவைப்பது ஆகாதா என்பது இரண்டாவது வாதம். இது சிந்திக்கத்தக்கது. ஒதுக்கிவைத்தலின் கொடுமையை வில்சனின் வரலாறு நமக்குக் காட்டியது. ஆனால் தன் மொழி விளங்காத பெரிய வாட்டில் தனித்துக் கிடப்பதும் ஒதுக்கலே. நியூயோர்க்கில் 1955இல் தொடங்கி ஓர் ஆய்வுக் குழுவினர் செவிப்புலனற்றோருக்கான உளமருத்துவப் பணியை மேற்கொண்டனர். 1968இல் இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகருக்கு அண்மையிலுள்ள விட்டிங்ஹாம் வைத்தியசாலையில், ஜோன் டென்மார்க் என்ற உளமருத்துவர் செவிப்புலனற்றோருக்கெனத் தனிப் பிரிவொன்றை நிறுவினார். அவர் செவிப்புலனற்ற பிள்ளைகளோடு வளர்ந்து அவர்தம் மொழியைக் கையாண்டவர். பின்னர் இலண்டனிலும் பேமிங்காமிலும் இத்தகைய பிரிவுகள் தோன்றின. இவை எதனை நிறுவின? நோயாளியோடு அவரது மொழியில் உரையாடிய மாத்திரத்தில், ‘விளங்காத நோயாளி’ என்று எழுதப்பட்டிருந்தவர்களுட் பலர் விளங்கத் தொடங்கினர் என்பதையே. மொழியறிந்த சூழல் ஒதுக்கிடம் அன்று. அதுவே அவர்க்கு உலகின் வாயில்.

மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருந்தாற் போதாதா என்பது மூன்றாவது. பெரும்பாலும் அதுவே முதற்படி; அதுவும் இல்லாத இடங்களே மிகுதி. ஆயினும் உளமருத்துவத்திற்கெனப் பயிற்றப்படாத மொழிபெயர்ப்பாளர், நோயாளியின் குழம்பிய சைகையைத் தம்மையறியாமலே திருத்தமான வாக்கியமாக்கித் தந்துவிடுவார். வைத்தியர் அறிய வேண்டிய குழப்பமே மறைந்துபோகும். செவிப்புலனற்றோர் சமூகமோ சிறியது. மொழிபெயர்ப்பாளரை நேற்றுத் திருமண வீட்டிற் கண்டிருப்பார்கள்; நாளை கூட்டத்திற் காண்பார்கள். அவர் முன்னே எவர் தம் மானத்தை அவிழ்த்து வைப்பார்? ஆகவேதான் செவிப்புலனற்றவர்களே உளவளத்துணையாளராகவும் தாதியராகவும் வைத்தியராகவும் வர வேண்டும் என்ற கோரிக்கை எழுந்துள்ளது. பிறர் தமக்காகப் பேசுவதைவிடத் தாமே தம்மவரோடு பேசும் நிலையே விடுதலைக்கு அண்மையானது.

*

இப்பொழுது நம் பக்கம் திரும்புவோம்.

1956இல் ஒருமொழிச் சட்டம் இந்நாட்டில் இயற்றப்பட்டது. தம் மொழியில் இல்லாத படிவத்தில் கையொப்பமிட்ட தமிழ்க் கிழவரை, விளங்காத கடிதத்தை வாசிப்பிக்க வீடு வீடாக அலைந்த தாயை, தென்னிலங்கை வைத்தியசாலையில் நோவின் இடத்தைக் கைகாட்டி மட்டும் உணர்த்த நேர்ந்த தோட்டத் தொழிலாளியை நாம் அறிவோம். 1987இல் அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஏட்டில் ஆனது நாட்டில் ஆவதற்கு இன்னும் போராடுகிறோம். மொழி விளங்காத அலுவலகத்தின் முன் நிற்பவன் அறிவிற் குறைந்தவன் அல்லன், அவனுக்கு விளங்கும் மொழியிற் பணியாற்றுவது அலுவலகத்தின் கடமை என்பது நம் வாதம். நீதியான வாதம் அது. ஆனால் நீதியான வாதத்துக்கு ஒரு பண்பு உண்டு: சொன்னவனையும் அது கட்டுப்படுத்தும். நம் வீட்டிலும் நம் ஊரிலும் வாழும் செவிப்புலனற்ற பிள்ளை நம் முன்னே நிற்கும்போது, நாமே அந்த அலுவலகமாகி விடுகிறோம்.

இரத்மலானையில் மேரி சப்மன் அம்மையார் செவிப்புலனற்ற, பார்வையற்ற பிள்ளைகளுக்கென 1912இற் பாடசாலை தொடங்கினார். வடக்கிலே கைதடி நவீல்ட் பாடசாலை அப்பணியைச் செய்து வருகிறது. கல்வியில் இவ்வாறு வழி திறந்த நாடு உளமருத்துவத்தில் எங்கே நின்றது? 1873இற் குடியேற்ற ஆட்சியினர் இயற்றிய சட்டத்தின் அடித்தளத்திலேயே சுதந்திரத்தின் பின்னரும் நம் மனநோய்ச் சட்டம் பல பத்தாண்டுகள் நின்றது. ஊனமுற்றோரின் உரிமைகளைப் பாதுகாக்க 1996இல் ஒரு சட்டம் வந்தது. சைகை மொழிகளும் மொழிகளே என்று வெளிப்படையாகக் கூறும் ஐக்கிய நாடுகளின் 2006ஆம் ஆண்டுச் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதி செய்தது. ஏற்றவை ஏட்டிலே உறங்குவது நமக்குப் புதிதன்று.

போர்க்காலத்தை நினைத்துப் பாருங்கள். ஷெல் வரும் ஒலி கேட்டு நாம் பதுங்குகுழிக்குள் ஓடினோம். அவ்வொலி கேளாதவன், பிறர் ஓடுவதைக் கண்ட பின்னரே ஓடினான். சோதனைச் சாவடியில் ‘நில்’ என்ற கட்டளை காதில் விழாதவனின் கதி யாதாக இருந்திருக்கும்? என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது, யார் யாரைக் கொல்கிறார்கள் என்பதை அவனுக்கு எடுத்துச் சொல்ல எவருக்கும் நேரமிருக்கவில்லை. 2004இன் கடற்கோளுக்குப் பின்னரும் 2009இற் போர் முடிந்த பின்னரும் உளவளத்துணை என்ற சொல் நம்மிடையே பரவிற்று. ‘மனம் விட்டுப் பேசுங்கள், பாரம் குறையும்’ என்றார்கள். நல்ல அறிவுரை. ஆனால் பேசுதல் என்பதைக் குரலாற் பேசுதல் என்றே நாம் விளங்கிக்கொண்டோம். துயருற்றோர் உதவி கேட்கத் தொலைபேசி இலக்கங்கள் அறிவிக்கப்பட்டன. காதில்லாதவன் அவ்விலக்கத்தை என்ன செய்வான்?

செய்ய வேண்டியவை எட்டாத வானத்தில் இல்லை. பிள்ளைக்குக் காது கேளாது என்று கண்ட நாளிலிருந்தே பிள்ளைக்கும் தாய் தந்தையர்க்கும் சைகை மொழியைக் கற்பிக்கலாம். காதுக்குக் கருவி பொருத்துவதும் பேச்சுப் பயிற்சியும் அதற்குத் தடையல்ல, இரண்டும் உடனிருக்கலாம். மாவட்டந்தோறும் உளநலப் பிரிவுக்கெனப் பயிற்றப்பட்ட சைகை மொழிபெயர்ப்பாளரை அரசு ஊதியத்தில் அமர்த்தலாம். செவிப்புலனற்ற இளைஞர்களை உளவளத்துணைப் பயிற்சிக்குச் சேர்க்கலாம். எந்த வாட்டிலும் சைகையாற் பேசுவோரின் கைகளைக் கட்டுவது அவர் வாயை அடைப்பதற்குச் சமம் என்பதைத் தாதியர் பயிற்சியின் முதற் பாடங்களுள் ஒன்றாக்கலாம். இவை கருணையின் பாற்பட்டவை அல்ல. கருணை காட்டுகிறவன் விரும்பினாற் காட்டுவான், விரும்பாவிடில் விடுவான். ஒருவரைப் பித்தர் என்று எழுதவும் அடைத்து வைக்கவும் அதிகாரம் பெற்றவனுக்கு, எழுதுமுன் அவரை விளங்கிக்கொள்ள வேண்டிய கடமை உண்டு. அதிகாரம் எவன் கையில் இருக்கிறதோ, விளங்கிக்கொள்ளும் பொறுப்பும் அவன் தலையிலேயே இருக்கிறது. நம் கட்டுரை சொல்ல முனைந்தது இந்த ஒன்றைத்தான்.

‘ஊமை’ என்பது கேட்பவர்கள் கேளாதவர்க்கு இட்ட பெயர். அவர்கள் தம்முட் கூடியிருக்கும் இடத்துக்கு ஒருமுறை சென்று பார்த்தவர்கள் அறிவார்கள்: அங்கே கைகள் ஓய்வதில்லை; கதை உண்டு, கேலி உண்டு, சண்டை உண்டு, முந்திய இரவு கண்ட கனவும் உண்டு. அக்கூட்டத்தின் நடுவே ஒன்றும் விளங்காமல், ஒன்றும் சொல்ல இயலாமல், வாய்திறந்து நிற்பவர்கள் நாமே.